பதினேழு அங்குலம்

மத்திய வீதியில் பஸ்லான் கடை.
கண்ணாடிக்குள்ளே புதுசுகள் படுத்திருந்தன,
ஒவ்வொன்றும் தோசைத் தட்டு மாதிரி மெல்லிசாய்.
விலைச்சீட்டை வாசித்துவிட்டு
மின்விசிறியைப் பார்த்தேன்.

"வீட்டுக்குத்தானே?"
"வீட்டுக்குத்தான். ஆனா திரை பெரிசா வேணும்."
உப்புவெளி விடுதி ஒன்றுக்குக் கணக்கு எழுதுகிறேன்,
ஆறு மாதமாய்ப் போனில் எக்செல்.
விரல் பட்டால் ஒரு நிரல் ஓடிவிடும்,
டிசம்பர் வாடகை ஜனவரியில் போய்க் கிடக்கும்.
திவாஞ்சலிக்கு உயிரியல்.
இதயத்தின் நான்கு அறைகளையும்
புளியங்கொட்டை அளவில் படித்தவள்.

உள்ளே போய் ஒன்றைத் தூக்கி வந்தார்,
நித்திரையான பிள்ளையைத் தூக்குவதுபோல
இரண்டு கையாலும்.
ஏதோ ஒரு நாட்டில் ஏதோ ஒரு கந்தோரில்
மூன்று வருடம் உழைத்து ஓய்ந்தது.
மூடியில் யாரோ ஒட்டி, யாரோ உரித்த
ஸ்டிக்கரின் பசை.
"பற்றரி மட்டும் நாற்பது நிமிசம்தான், தங்கச்சி,
பொய் சொல்ல மாட்டன்.
மத்தபடி யானை."

எண்பத்து நாலாயிரம்.
எழுபத்தொன்பதுக்கு இறங்கினார்.
அதற்குக் கீழே
அவருக்குப் படியில்லை, எனக்கு வாயில்லை.
காசை எண்ணிக் கொடுத்தேன்,
அடகுக் கடை மடித்துத் தந்த
அதே மடிப்போடு.

மடிக்கணினி என்கிறார்கள்.
மடியில் வைத்துப் பார்த்தேன்.
முழங்கால் இரண்டும் மறைந்து
மிச்சம் காற்றில் நின்றது.
சூடு வேறு.
சாப்பாட்டு மேசையை அதற்கு விட்டுக்கொடுத்தோம்.
இப்போது நாங்கள் பாயில் சோறு சாப்பிட
அது மேசையில் இருந்து கரண்ட் சாப்பிடுகிறது.

பெட்டியை வாசலில் வைத்தது என் பிழை.
விடிய எழும்பிப் பார்த்தால்
ஒரு புள்ளிமான் நின்று மென்றுகொண்டிருந்தது.
இந்த ஊரில் மானுக்குக் காடு தேவையில்லை.
மீன் சந்தைக்கும் பஸ் நிலையத்துக்கும் இடையில்
வேலை தேடாத ஆட்களைப்போலத் திரியும்.
ஒரு மூலையைத் தின்று முடித்து
மற்ற மூலைக்குப் போயிருந்தது.
ஆறு மாத வாறன்ட்டி அட்டை
முதல் மூலையில் இருந்தது.
பஸ்லானுக்குப் போன் பண்ணிச் சொன்னேன்.
சிரித்து முடிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.
"மானைக் கொண்டு வாங்க, செஞ்சு தாரன்."

வெள்ளிக்கிழமை கட்டாரில் இருந்து இவர் கோல் எடுத்தார்.
போனில் எப்போதும் முகம் மட்டும்தான்,
நெற்றி, மூக்கு, "சாப்பிட்டீங்களா."
பின்னால் மங்கலாய் எதுவோ இருக்கும்,
சுவர் என்று வைத்துக்கொண்டோம்.
"நல்ல றூம், ரெண்டு பேர்தான்" என்பார்.

பதினேழு அங்குலத்தில்
சுவர், சுவராக இருக்கவில்லை.
இரும்புக் கட்டில், அதன்மேல் கட்டில்,
அதற்கும் மேல் தொங்கிய ஒரு கால்,
காலுக்கு உரியவர் தெரியவில்லை.
கம்பியில் ஏழு துவாய்கள்.
திவாஞ்சலி வாய்க்குள் எண்ணினாள்.
இவரின் இடது பெருவிரலில் துணிச் சுற்று.

"எப்படி, வடிவாத் தெரியுதா?"
"வடிவாத் தெரியுது."
வேறு என்ன சொல்ல.

கொஞ்சம் கிட்ட வரச் சொன்னார்.
தலைமயிரைக் காதுப் பக்கம் இழுத்துவிட்டுப் போனேன்.
தேவையே இருக்கவில்லை.
திரைதான் பெரிது, அதன் கமரா ஒரு மிளகு,
மத்தியானத்தையும் பொழுதுபட்டதாய்க் காட்டும்.
"அந்தத் தோட்டோட நல்லா இருக்கிறாய்" என்றார்.
திவாஞ்சலி என்னைப் பார்த்தாள்.
நான் மவுசைப் பார்த்தேன்.

அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது.
டேட்டா போனில் இருந்து வந்ததால்
இவர் போகவில்லை.
திருக்கடலூர் முழுக்க இருட்டு.
எங்கள் வீட்டில் இருந்த ஒரே வெளிச்சம்
அவருடைய றூம்.
அதில் திவாஞ்சலியின் கொப்பி தெரிந்தது,
மேசையில் கழுவாத கோப்பை ஒன்று தெரிந்தது.
விரலுக்கு என்ன என்று கேட்கலாம் என
நான் வாயைத் திறந்தபோது
திரை அணைந்தது.

முப்பத்தொரு நிமிசம்.
நாளைக்குக் கடைக்குப் போய்
பஸ்லானிடம் இதைச் சொல்லவேண்டும்.